காங் அண்ணனின் அணி

வியட்நாமுக்கு நான் போனதில்லை. இனிமேல் போவேன் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்த நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றின் கால்பந்து அணி எப்படிப் பிறந்தது, யார் யார் கைக்குப் போனது, கடைசியில் என்ன ஆனது என்று யாராவது கேட்டால் பொழுது போவது தெரியாமல் பேசுவேன். அத்தனையும் நான் தெரிந்துகொண்டது துபாயில், ஜெபல் அலியில், ஒரு லேபர் கேம்புக்கு எதிரே இருக்கும் டீக்கடையில்.

துபாய்க்கு நான் போனது கால்பந்துக்காக இல்லை. என் மனைவியின் தம்பி ஜெரால்டு அங்கே இரும்புச் சட்டங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கிரேன் ஓட்டுகிறான். அவன் இல்லாமலே மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டதையே தையல் பிரித்த பிறகுதான் அக்காவிடம் சொன்னான். அவள் ஒரு நாள் முழுக்க அழுதுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ரிட்டயராகி சும்மாதான இருக்கிய. போயி அவன் மூஞ்சியப் பாத்துட்டு வாங்க" என்றாள். தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்டு ஆபீசில் இருந்துகொண்டு ஊர் ஊராகச் சரக்கு அனுப்பியவன் நான். இந்தத் தடவை என்னையே சரக்காக்கி அனுப்பிவிட்டார்கள்.

பெட்டியில் என் துணிமணிக்கு இடம் கால்வாசிதான். மீதி முழுக்க மக்ரூன், இட்லிப்பொடி, நெத்திலிக் கருவாடு. கருவாடு மட்டும் ஜெரால்டு போனில் கேட்டு வாங்கியது. "கொஞ்சம் கூடவே வைங்க அத்தான், காங் அண்ணனுக்கும் சேத்து" என்றான். காங் அண்ணன் அவனுடைய ரூமில் இருக்கும் வியட்நாம்காரர், வெல்டர். போனில் அவர் பெயர் எத்தனையோ தடவை அடிபட்டிருக்கிறது. என் மனைவி தம்பியிடம் "சாப்டியால" என்று கேட்டால், அடுத்த கேள்வி "காங் அண்ணன் சாப்டாவளா?" என்பதாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அவர் பாதிச் சொந்தக்காரர்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன். ஜெரால்டு ஏர்போர்ட்டில் நின்றிருந்தான். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய, அவன் அப்பாவை அப்படியே பார்த்தது போல இருந்தது. "என்ன மாப்ள, பாதியாப் போயிட்ட" என்றேன். "இங்க எல்லாரும் பாதிதான் அத்தான், மீதி ஊர்லதான இருக்கு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெட்ரோவில் ஏறியதும் முதல் மானக்கேடு. பெட்டி நிறைய இடம் காலியாக இருக்கிறதே என்று நான் பாட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஜெரால்டு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தான். அது பெண்கள் பகுதியாம், தரையில் கோடு போட்டிருக்கிறார்களாம். இந்தப் பக்கம் வந்து நின்றால் என் பெட்டியிலிருந்து கருவாடு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவளுக்கும் ஊர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் தங்கியது கராமாவில், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இரவல் கொடுத்த கட்டிலில். கேம்புக்குள் விருந்தாளிகளை விடமாட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபல் அலிக்குப் போனேன். கேம்பு என்றால் கூடாரம் என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். நாலு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. பால்கனி கம்பிகள் முழுக்கத் துவைத்துப் போட்ட நீல யூனிஃபார்ம்கள். எதிரே மலையாளி ஒருவர் நடத்தும் டீக்கடை. பிளாஸ்டிக் நாற்காலி, கொதிக்கக் கொதிக்க ஏலக்காய் போட்ட கடக் சாயா, கூடவே பரோட்டா. எங்கள் ஊரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா தின்ற நாக்குக்கு அது சவசவவென்று இருந்தது. அதைச் சொன்னதும் ஜெரால்டு ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அந்த நேரம் பார்த்துக் காங் அண்ணன் வந்தார்.

அறுபதை நெருங்கியவர். சின்ன உருவம், வெல்டிங் பொறி பட்டுப் புள்ளி புள்ளியான முன்கைகள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான்!" என்றார். ஜெரால்டு என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியது. கருவாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்து மோந்து பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆரம்பத்துல இவியளுக்கும் எங்களுக்கும் பெரிய சண்டை அத்தான்" என்றான் ஜெரால்டு. "இவிய ஒரு மீன் தண்ணி பாட்டில் வச்சிருப்பாவ. சோத்துல ஊத்திச் சாப்டுவாவ. ரூமே நாறுதுன்னு நாங்க கேம்ப் பாஸ்கிட்டப் போயிச் சொன்னோம். அவரு நேர்ல வந்து பாத்தாரு. அன்னைக்கின்னு பாத்து நாங்க கருவாடு வறுத்துக்கிட்டு இருந்தோம்." காங் அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றிலிருந்து ஒரே சட்டியாம்.

அவர் பேசுவது கேம்பு இந்தி, நடுநடுவே தமிழ். நான் ஒரு காலத்தில் பம்பாயில் வேலை பார்த்தவன், அதனால் இந்தி எனக்குச் சிரமமில்லை. இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்ன திட்டம் என்பதை ஜெரால்டு அப்போதுதான் சொன்னான். ஓமானில், சோஹாரில், நாலு நாட்டு கிளப்புகளை அழைத்துச் சின்னதாக ஒரு போட்டி நடத்துகிறார்கள். அதில் காங் அண்ணனுடைய ஊர் அணி வந்திருக்கிறது. நாளைக்கு அவர்களுக்குக் கடைசி ஆட்டம். அதற்கு அவரைக் கூட்டிப் போகக் கார் இரவல் வாங்கி, எனக்கும் சேர்த்து விசா வாங்கி, எல்லாம் தயார். நானும் கூட வரவேண்டும். வளைகுடா வரைக்கும் வந்துவிட்டு இன்னொரு நாட்டைப் பார்க்காமல் போவானேன் என்று நானும் சரி என்றேன்.

"கடைசி ஆட்டம்னா, இந்தப் போட்டியிலயா?" என்று கேட்டேன்.

"இல்ல. எங்க டீமுக்கே" என்றார் காங் அண்ணன்.

அப்புறம்தான் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சண்டையெல்லாம் ஓய்ந்து நாடு ஒன்றான புதிதில் அங்கே ஒவ்வொரு இலாகாவுக்கும் ஓர் அணி இருந்ததாம். ரயில்வேக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று, பட்டாளத்துக்கு ஒன்று. துறைமுகத் தொழிலாளிகளும் ஒன்று ஆரம்பித்தார்கள். காலையில் கப்பலில் சரக்கு இறக்குவார்கள், சாயங்காலம் பந்து ஆடுவார்கள். அப்பா ரைட் பேக் ஆடினார். கோடவுனுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மைதானம். கோல் விழுந்தால் துறையில் நிற்கும் இழுவைப் படகுக்காரன் ஹாரன் அடிப்பான். அந்தச் சத்தத்தை எண்ணியே வீட்டில் இருக்கும் பெண்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரிந்துகொள்வார்களாம். ஒருமுறை தேசியக் கோப்பையையும் அடித்தார்கள். அன்றைக்குத் துறைமுகத்தில் ஒரு மூட்டைகூட நகரவில்லை. வெளிநாட்டுக் கப்பல் கேப்டன் ஒருவன் கோபப்பட்டுக் கீழே இறங்கி வந்து, கடைசியில் அவனும் குடித்துவிட்டு ஆடினான்.

பிறகு காசு வாங்கி ஆடும் லீக் வந்தது. துறைமுகத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒரு சிமென்ட் கம்பெனி கை கொடுத்தது. அதன் பெயரை முன்னால் போட்டு, துறைமுகத்தின் பெயரைப் பின்னால் தள்ளினார்கள். அடுத்து ஒரு வங்கி வந்தது. அடுத்து வந்த வீட்டுமனை வியாபாரி, துறைமுகத்தின் பெயரையே வெட்டி எறிந்துவிட்டு, ஊருக்கு வெளியே புது ஸ்டேடியம் கட்டினான். ஹாரன் சத்தம் அதுவரைக்கும் கேட்காது. ஒரு வருடம் ஆட்டக்காரர்கள் சிலர் காசு வாங்கிக்கொண்டு தோற்றார்கள் என்று பிடிபட்டார்கள். அன்றைக்கு அப்பா ரேடியோவின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். சாகும்வரை அந்தத் துணியை எடுக்கவில்லை.

"எங்க ஊர்லயும் கம்பெனி டீமெல்லாம் இருந்திச்சு" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று. "கம்பெனிய மூடுனா ஜெர்சி கரித்துணி ஆயிரும். அவ்வளவுதான்."

காங் அண்ணன் கருவாட்டுப் பொட்டலத்தை மறுபடி மடித்துக் கட்டினார். நான் சொன்னது ஆறுதல் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

இப்போது அந்த மனை வியாபாரிக்கும் கஷ்டம். அணியை வேறு மாகாணத்துக்காரனுக்கு விற்றுவிட்டான். அடுத்த மாதத்திலிருந்து அவர்களுக்கு வேறு ஊர், வேறு பெயர், வேறு நிறச் சட்டை. முன்பே ஒத்துக்கொண்ட சோஹார் போட்டி ஒன்றுதான் மிச்சம். வெளிநாட்டுக்கு வந்தபிறகு காங் அண்ணன் தன் அணியின் ஆட்டத்தை நேரில் பார்த்ததே கிடையாது. அவருக்கு லீவு கிடைக்கும் மாதமும் அங்கே ஆட்டம் நடக்கும் மாதமும் ஒரு வருடம்கூட ஒத்துவரவில்லை. "அடுத்த வருஷம் ஊருக்கே போயிடுவேன். அப்ப தினமும் மைதானத்துக்குப் போகலாம்னு நினைச்சிருந்தேன்" என்றார். "இப்ப நாளைக்கு ஒரு நாள்தான். தொண்ணூறு நிமிஷம் பாத்தாப் போதும்."

ஞாயிறு பூசையைச் சனிக்கிழமை ராத்திரியே முடித்துவிட்டு ஜெரால்டு தயாராக இருந்தான். காலையில் கிளம்பினோம். காங் அண்ணன் பழைய மஞ்சள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். நெஞ்சில் இருந்த எழுத்தெல்லாம் துவைத்துத் துவைத்துப் போய்விட்டது. மடியில் எவர்சில்வர் தூக்குச்சட்டி. உள்ளே சோறும் நான் கொண்டுவந்த கருவாடும்.

மணல் முடிந்து மலை ஆரம்பித்தது. பேருக்கு ஒரு செடிகூட இல்லாத மலைகள். எங்கள் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில்கூட உடைமரமாவது நிற்கும். போகிற வழியில் டயர் ஒன்று பஞ்சரானது. மாற்று டயரைப் பூட்டும்போது ஜெரால்டு தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். காங் அண்ணன் அவனைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, தானே படுத்து எல்லா நட்டையும் முடுக்கினார். நிறைய நேரம் இருந்தது. ஆட்டம் சாயங்காலம்தான்.

ஓமான் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டுகளை நீட்டினோம். உள்ளே இருந்தவர் இளம் அதிகாரி. வெள்ளை அங்கி, பூவேலைத் தொப்பி, நல்ல இந்தி. மரியாதையாகத்தான் பேசினார். காரில் யார் யார் என்று ஜெரால்டைக் கேட்டார்.

"இவிய என் அத்தான். இவிய பல வருசமா என் ரூம்மேட். எனக்கு அண்ணன் மாதிரி" என்று ஜெரால்டு இந்தியில் சொன்னான்.

"அண்ணன் பெயர் என்ன?"

"காங்."

அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். ஜெரால்டைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கள்" என்றார் என்னிடம். நானும் தயங்காமல் "காங்" என்றேன்.

"மாஃபி காங்" என்றார் அவர். காங் என்று யாரும் இல்லையாம். பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துக் காட்டினார். அதில் நாலு சொற்கள் இருந்தன. எதுவும் காங் இல்லை. கடைசிச் சொல், ஹாய்.

எனக்கு முதலில் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. அதிகாரிக்கு வரவில்லை. "ஒரே அறையில் வருடக்கணக்கில் இருந்தேன் என்கிறீர்கள். அண்ணன் என்கிறீர்கள். அண்ணன் பெயர் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாத ஆளைக் காசுக்கு எல்லை தாண்டவைக்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். ஜெரால்டின் முகம் வெளிறிவிட்டது. அவன் நிஜமாகவே அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

காங் அண்ணன் முன்னால் வந்து விளக்க முயன்றார். அவர்கள் பாஷையில் காங் என்றால் துறைமுகம். கேள்வி கேட்பதுபோல் கொஞ்சம் இறங்கி ஏறச் சொல்லவேண்டும். ஊரில் அணிக்கு எந்தக் கம்பெனி எந்தப் பெயர் வைத்தாலும் ஜனங்கள் காங் என்றுதான் சொல்வார்கள். மைதானத்தில் "காங் ஓய்! காங் ஓய்!" என்று கத்துவார்கள். ஓய் என்றால் அவர்கள் பாஷையிலும் கூப்பிடுவதுதான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனில் இவர் ஆட்டம் பார்க்கும்போது ஊர்க்காரர்கள் "காங் ஓய்" என்று கத்தியிருக்கிறார்கள். மேல் கட்டிலில் படுத்திருந்த எங்கள் தெற்கத்திப் பிள்ளைகள் காதில், யாரோ இவரை 'காங், ஓய்!' என்று கூப்பிடுவதாக விழுந்திருக்கிறது. எங்கள் பக்கம் அப்படித்தானே ஆளைக் கூப்பிடுவோம். வேறு ஜில்லாக்காரன் யாராவது அந்த ரூமில் இருந்திருந்தால் இந்தத் தப்பே நடந்திருக்காது.

"ஏன் அண்ணே எங்ககிட்டச் சொல்லல?" என்றான் ஜெரால்டு, அழாத குறையாக.

வந்த புதிதில் ஃபோர்மேன் வடக்கத்தி ஆளாம். தினமும் காலையில் ஆளெண்ணும்போது "ஹாய் ஹை?" என்பான். இந்தியில் 'ஹை' என்றால் இருக்கிறானா என்று அர்த்தம். வரிசை முழுக்கச் சிரிக்கும். தினமும் சிரிக்கும். பிறகு ரூமுக்குத் தமிழ்ப் பையன்கள் வந்தார்கள், காங் என்று கூப்பிட்டார்கள். "எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. திருத்தணும்னு தோணல" என்றார் காங் அண்ணன்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் போனில் சோஹார் போட்டியைத் தேடிப் பார்த்தார். நாலு அணிகளின் பெயரும் இருந்தன. வியட்நாம் அணிக்கு மனை வியாபாரியின் பெயர். "இதிலும் காங் இல்லையே" என்றார். அந்தப் பெயரில் ஆளும் இல்லை, அணியும் இல்லை. பெரிய அதிகாரி வெளியே போயிருக்கிறார், வந்ததும் முடிவு சொல்வார், அதுவரை உட்காருங்கள் என்று பக்கத்து அறையைக் காட்டினார். எங்களுக்குத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினார்.

உட்கார்ந்தோம். கார்கள் வந்தன, போயின. மதியமானது. காங் அண்ணன் தூக்கைத் திறந்து, மூடியில் சோறு வைத்து முதலில் எனக்குக் கொடுத்தார். ஜெரால்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவர் ஒரு கவளம் உருட்டி அவன் வாயருகே நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான், ஆனால் விழுங்கவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்காதவர்கள்போல் நடித்தோம். ஆட்டம் ஆரம்பிக்கும் நேரம் வந்தபோது காங் அண்ணன் எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

பெரிய அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார், கம்பெனிக்குப் போன் போட்டார், எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். தவறொன்றும் இல்லை, போகலாம் என்று முத்திரை குத்தினார். வெளியே பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பிப் போயிருவோமா?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"யல்லா, போவோம்" என்றார் காங் அண்ணன். "கடைசி அஞ்சு நிமிஷம் போதும்."

ஜெரால்டு அந்தக் காரை ஓட்டியதை அவன் அக்காவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. ஒரு பக்கம் கடல் இருந்திருக்க வேண்டும். நான் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஊருக்குள் நுழைந்து, வழி தவறி, ஒரு ரவுண்டானாவையே இரண்டு முறை சுற்றி, ஸ்டேடியத்தைக் கண்டுபிடித்துப் போய் நின்றபோது ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அதிகக் கூட்டமில்லை. கேட்டில் நின்ற வங்காளத்துப் பையனிடம் ஜெரால்டு விசாரித்தான். "கலாஸ் பாய்" என்றான் அவன். எல்லாம் முடிந்துவிட்டதாம், வியட்நாம் தோற்றுவிட்டதாம்.

பக்கவாட்டில் பஸ் நின்றிருந்தது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். காதில் ஹெட்போன், கையில் பை. ஆப்பிரிக்கர் இரண்டு பேர், பிரேசில்காரர் ஒருவர், மீதிப்பேர் சின்னப் பிள்ளைகள். காங் அண்ணன் ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடுவார் என்று எனக்குத் தெரியாது. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, "காங் ஓய்!" என்று கத்தினார். மறுபடியும், "காங் ஓய்!"

யாரும் திரும்பவில்லை. ஹெட்போன் இல்லாதவர்களும் திரும்பவில்லை. கடைசியாக வந்த ஓர் இளைஞன் மட்டும் செல்ஃபிக்காகக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கம்பியருகே வந்து சிரித்தான். காங் அண்ணனின் போனை வாங்கி அவனே படம் எடுத்துக் கொடுத்தான். அவர் ஏதோ கேட்டார். அவன் ஏதோ திருப்பிக் கேட்டான். பிறகு கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டான். பஸ் கிளம்பியது.

இருட்டில் திரும்பினோம். எல்லை தாண்டியபிறகு, "அந்தப் பையன் என்ன கேட்டான்?" என்றேன்.

"காங் காங்னு கத்துறீங்களே, எந்தத் துறைமுகம், பெரியப்பா? அப்படின்னு கேட்டான்" என்றார் காங் அண்ணன். "நல்ல பையன். போன வருஷம்தான் வேற ஊர்லேருந்து வந்திருக்கான். அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வியட்நாமில் எனக்கு யாரையும் தெரியாது, அந்த அணி ஆடி ஒரு நிமிடம்கூட நான் பார்த்ததில்லை. இருந்தும் எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தது போலத்தான் இருந்தது.

திங்கட்கிழமை டீக்கடைக்குப் போனபோது ஜெரால்டு ரூம்காரர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். இனிமேல் யாரும் காங் என்று சொல்லக்கூடாது, ஹாய் அண்ணன் என்றுதான் சொல்ல வேண்டும். "ஒரு மனுசன் பேரு தெரியாம இத்தனை வருசம் ஒரே சட்டியில தின்னுருக்கோம். வெக்கமா இல்ல?" என்று கத்தினான். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து ரூமில் ஹாய் அண்ணே, சைட்டில் ஹாய் அண்ணே, பஸ்ஸில் ஹாய் அண்ணே.

அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. கூப்பிட்டால் காது கேட்காதவர்போல் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாராம். சாப்பிட வாங்க என்றால் வருவதில்லை. மறுநாள் ஜெரால்டு என் முன்னால் உடைந்து அழுதுவிட்டான். "என் மேலதான் கோவம் அத்தான். நான் ஒழுங்கா ஒரு பேரச் சொல்லியிருந்தா ஆட்டத்தப் பாத்துருப்பாவ. என் வாயாலதான போச்சு." ஆபரேஷனுக்குக்கூட அவன் இப்படி அழுதிருக்க மாட்டான்.

புதன்கிழமை எனக்கு விமானம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விடைபெறப் போனேன். டீக்கடைக்கு வெளியே காங் அண்ணன் தனியாக, ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஜெரால்டு சோற்றுத் தட்டுகளோடு உள்ளே இருந்தான். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவன் தெரியாமச் செஞ்சது" என்றேன். "உங்க மேல உசிரையே வச்சிருக்கான். மன்னிச்சிருங்க."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கோபமா? எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல அத்தான்."

"அப்ப ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிய?"

மறுபடி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு இந்தியும் தமிழுமாகச் சொன்னார். "ஹாய்ங்கிற பேரு பாஸ்போர்ட்டுல இருக்கு. என் பொண்டாட்டி வாயில இருக்கு. அது எங்கயும் போகாது. காங் எங்க இருக்கு? ஊர்ல போர்டுல இல்ல, சட்டையில இல்ல, ஆடுற பையனுக்கே தெரியல. இந்த ரூம்ல மட்டும்தான் தினமும் காலையில யாராவது அந்தப் பேரச் சொல்லி எழுப்பினாங்க. நீங்களும் நிறுத்திட்டா கலாஸ்."

உள்ளே போய் ஜெரால்டிடம் சொன்னேன், ஒரு சொல் விடாமல். அவன் தட்டைக் கீழே வைத்தான். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். அண்ணன் என்று சொல்லவில்லை. தெருக்கோடியில் போகிற ஆளைக் கூப்பிடுவதுபோல் அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"காங் ஓய்! சோறு ஆறுது, வாரும்!"

ஏதோ சண்டை என்று நினைத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டைப் பார்த்து நின்றவரும் திரும்பினார்.